துருத்தி இல்லாத தீ

போன சித்திரையில், வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், குளிர் காய்வதற்குச் சாமான் செய்யச் சொல்லி எனக்கு ஓர் ஆர்டர் வந்தது.

போனில் கூப்பிட்டவன் பத்தாவது வரை என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். கொடைக்கானலில் பழைய பங்களா ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து, வருகிறவர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறான். "டேய், ஃபயர்பிளேஸுக்கு ஒரு செட் வேணும்டா. தீயைக் கிளற ஒரு கம்பி, சாம்பல் அள்ள ஒரு கரண்டி, கட்டை பிடிக்க ஒரு இடுக்கி, கூட்டுறதுக்கு ஒரு சின்ன துடைப்பம். நாலையும் மாட்டி வைக்க ஒரு ஸ்டாண்டு. கடையில வாங்கினதுக்கு மூணே மாசத்துல கைப்பிடி கழண்டு கையோட வருது. நீ அடிச்சுக் குடுத்தா என் பேரன் காலம் வரைக்கும் கிடக்கும்ல?" என்றான்.

மனைவியிடம் சொன்னேன். எங்கள் பட்டறையில் சம்மட்டி அடிப்பது அவள்தான். என் அம்மாவும் அப்பாவுக்கு அடித்தவள். இந்தத் தொழிலில் அது புதுசும் இல்லை, பெருமையாகச் சொல்லிக்கொள்கிற விஷயமும் இல்லை. கூலிக்கு ஆள் வைத்தால் கட்டுப்படியாகாது, அவ்வளவுதான்.

"ஏங்க, இங்க சும்மா நின்னாலே ஊத்துது. அங்க போய்த் தீக்கு முன்னாடி உட்கார்றதுக்குக் காசு குடுக்குறாங்களா?" என்றாள்.

நியாயமான கேள்வி. எங்கள் பக்கம் குளிர் என்றால் மார்கழி விடிகாலைதான். களத்துமேட்டில் காவல் படுத்தவர்கள் வைக்கோலைக் கொளுத்திவிட்டுச் சுற்றிக் குந்தியிருப்பார்கள். அந்தத் தீயைக் கிளற ஒரு குச்சி போதும். குச்சி எரிந்துபோனால் இன்னொரு குச்சி.

எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில், சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. நீடாமங்கலத்துக்குப் பக்கத்து மூணாறு தலைப்பில் ஆறு வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிந்து போகிறதே, அந்தத் தண்ணீர் பாய்கிற வயல்களுக்கு வேண்டியதைத்தான் தலைமுறையாக அடித்துக் கொடுக்கிறோம். பல் வெட்டிய கருக்கு அருவாள், மண்வெட்டி, கோடாலி, தேங்காய் உரிக்கிற பாரை. டெல்டாவில் உலோக வேலை என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சுவாமிமலைச் சிலையும் நாச்சியார்கோயில் குத்துவிளக்கும் ஞாபகம் வரும். இரண்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு. எங்கள் அருவாளுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. கதிர் அறுக்கிற மிஷின் வந்த பிறகு அந்த அருவாளுக்கே பாதி வேலை போய்விட்டது.

கடைசியாகப் பட்டறை இரவு பகல் பார்க்காமல் ஓடியது கஜா புயலுக்குப் பிறகு. 2018 நவம்பர் 16 விடிகாலையில் அடித்துவிட்டுப் போன காற்றில் பட்டுக்கோட்டை, பேராவூரணி, மன்னார்குடி, வேதாரண்யம் என்று தென்னந்தோப்புகள் சாய்ந்து கிடந்தன. கோடாலியோடும் அருவாளோடும் வாசலில் வரிசை நின்றது. தான் நட்ட மரத்தைத் தானே துண்டு போடப் போகிறவனுக்குக் கோடாலியைத் தீட்டிக் கொடுத்துவிட்டு என்ன கூலி கேட்பது? கொடுத்ததை வாங்கிக்கொண்டோம்.

சரி, கணப்புக்கு, அதாவது அந்த ஃபயர்பிளேஸுக்கு, வருகிறேன். இரும்பு பிடித்த கையும் சிரங்கு பிடித்த கையும் சும்மா இருக்காது என்பார்கள். ஒத்துக்கொண்டேன்.

அவன் அனுப்பிய படத்தைப் போனில் பெரிசாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மனைவி எட்டிப் பார்த்தாள். "இதெல்லாம் நம்மகிட்டயே கிடக்கே" என்றாள். திரும்பிப் பார்த்தேன். உலைக்குப் பக்கத்தில் கரியை ஒதுக்குகிற வளைந்த கம்பி சாய்ந்திருந்தது. கரி அள்ளுகிற கரண்டி, ஒரு ஓரம் தேய்ந்து அரை நிலா மாதிரி ஆகியிருந்தது. காய்ந்த இரும்பைப் பிடிக்கிற கொறடு சுவரில் பதினொன்று தொங்கின. தண்ணீர்த் தொட்டியில் ஈர்க்குக் கட்டு கிடந்தது, உலை ஓரத்துக் கரி வீணாகப் பற்றிக்கொள்ளாமல் தண்ணீர் தெளிக்க. நாலும் இருந்தன. பிறந்ததிலிருந்து பார்க்கிற சாமான்களை ஒரு செட்டாக ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. எங்களுடையது அழுக்கு, அவன் கேட்பதற்குச் சட்டை போட்டுவிட வேண்டும், இவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்புதான் பிறகு காலை வாரிவிட்டது.

ஒரு விஷயம் மட்டும் ஆரம்பத்திலிருந்தே உறுத்தியது. அருவாள் கேட்டு ஒருவர் வந்தால் அவர் கையை நான் பார்ப்பேன். உயரமானவருக்குப் பிடி ஒரு விரல் கூட. இடதுகைக்காரருக்குக் கருக்கை மறுபக்கத்தில் வெட்ட வேண்டும், இல்லையென்றால் தாள் அறுபடாமல் வழுக்கும். எங்கள் ஊரில் யார் யார் இடதுகை என்று வாத்தியாரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். இந்தக் கணப்புச் சாமானைப் பிடிக்கப் போகிற கை யாருடையது? நண்பனிடம் கேட்டேன். "கெஸ்ட்டுதான்டா, யார் வந்தாலும்" என்றான். யார் வந்தாலும் பிடிக்கிற மாதிரி ஒரு பிடியை அதுவரை நான் செய்ததில்லை.

கிளறுகிற கம்பியில் ஆரம்பித்தேன். நாலு நூல் சதுரக் கம்பி, இரண்டரை அடி. எங்கள் பக்கம் எட்டு நூல் ஓர் அங்குலம். கடையில் 12 மில்லி என்று பில் போட்டாலும் வாயில் நாலு நூல் என்றுதான் வரும். அந்த நீளத்துக்கு எடை 850 கிராம் சொச்சம். கையில் தூக்கிப் பார்த்தால் பாரமும் இல்லை, காற்றாகவும் இல்லை.

முனை உருட்டுக் கூராக வேண்டும் என்றாலும் உருட்டாக ஆரம்பிக்கக் கூடாது. முதலில் சதுரமாகவே இழுத்து, பிறகு நாலு மூலையையும் தட்டி எட்டுப் பட்டையாக்கி, கடைசியில்தான் உருட்ட வேண்டும். அவசரப்பட்டு நேராக உருட்டினால் கம்பியின் நடு உள்ளுக்குள் விண்டுவிடும். வெளியே தெரியாது. ஒருநாள் முனை பல்குச்சி மாதிரி இரண்டாகப் பிளந்து நிற்கும். சின்ன வயதில் அப்படி ஒரு கடப்பாரை முனையைக் கெடுத்து அப்பாவிடம் வாங்கிய அடி இப்போதும் முதுகில் இருக்கிறது.

முனைக்குக் கொஞ்சம் மேலே பக்கவாட்டில் ஒரு கொக்கி வேண்டும், கட்டையை இழுக்க. ஆர்க் வெல்டிங் வைத்தால் இரண்டு நிமிஷ வேலை. ஆனால் அவன் "அடிச்சு" கொடுக்கச் சொல்லியிருந்தான், எனக்கும் வீம்பு. உலையிலேயே ஒட்டவைப்பது என்று முடிவு செய்தேன்.

இரும்பு காயக் காய நிறம் மாறும். 700 டிகிரிக்கு மேல் மிளகாய்ப் பழச் சிவப்பு. 950 வாக்கில் செவ்விளநீர் நிறம். அதையும் தாண்டினால் மஞ்சள். ஒட்டவைக்க 1,250, 1,300 வரை போக வேண்டும். அந்தச் சூட்டில் இரும்பின் மேல்தோல் ஈரமாக இருக்கிற மாதிரி பளபளக்கும். அதற்கு முன்னால் எடுத்தால் ஒட்டாது, பின்னால் எடுத்தால் கையில் ஒன்றும் இருக்காது. காய்கிற இரும்பில் செதில் படியும். அது நடுவில் நின்றால் இரண்டு துண்டும் முகம் பார்த்துக்கொள்ளாது. அதற்காக அப்பா வெண்ணாற்று மணலை அரித்து ஒரு டப்பாவில் வைத்திருப்பார். சூட்டில் மணலும் செதிலும் சேர்ந்து கண்ணாடி மாதிரி உருகும், அடி விழுந்ததும் வெளியே பிதுங்கி ஓடிவிடும். நான் வெங்காரம் போடுகிறேன். மணலைவிடக் குறைந்த சூட்டிலேயே உருகுவதால் தப்புக்குக் கொஞ்சம் இடம் இருக்கும்.

கொஞ்சம்தான் இருக்கும். நிறம் சரியாக ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் போன் அடித்தது. சட்டைப் பையைப் பார்த்துக் குனிந்தேன், நிமிர்ந்தேன். உலையிலிருந்து வெள்ளைப் பொறி பூவாகக் கொட்டியது. கம்பி மத்தாப்பில் எரிவதும் இரும்புத் தூள்தானே? அதுவேதான். வெளியே இழுத்தபோது முனை கரையான் அரித்த விறகு மாதிரி இருந்தது. இரும்பு எரியாது என்று நினைப்பவர்கள் ஒருநாள் பட்டறைக்கு வந்து பார்க்கலாம். போன் செய்தது யார் என்றா கேட்கிறீர்கள்? கொடைக்கானல்காரன். "எந்த அளவுல இருக்குடா?"

இரண்டாவது கம்பியில் ஒட்டியது. அந்த வேலை நடக்கிறபோது எங்கள் வீட்டில் பேச்சே இருக்காது. என் கைச்சுத்தியல் எந்த இடத்தில் தட்டுகிறதோ அந்த இடத்தில் அவள் சம்மட்டி விழும். மெல்லத் தட்டினால் மெல்ல, ஓங்கித் தட்டினால் ஓங்கி. நிறுத்தச் சொல்ல வேண்டுமென்றால் இரும்பை விட்டுவிட்டுப் பட்டறைக்கல்லில் சும்மா ஒரு தட்டு. அந்த 'டிங்' கேட்டால் தலைக்கு மேல் போன சம்மட்டிகூட அடி விழாமல் மெல்ல இறங்கிவிடும். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் நாங்கள் சண்டை போடாமல் பேசிக்கொள்கிற பாஷை அது ஒன்றுதான் என்பாள்.

அடுத்தது கரண்டி. இதில்தான் நான் செய்த முட்டாள்தனம்.

14 கேஜ் தகடு வேண்டும், இரண்டு மில்லி கனம். பட்டறை மூலையில் கறுப்புப் பெயிண்ட் அடித்த துண்டு ஒன்று கிடந்தது. எடுத்து வெட்டினேன். எங்கள் பட்டறையில் ஒரு புளியங்கட்டை உண்டு, நடுவில் கிண்ணம் மாதிரி குழி. காய்ச்சிய தகட்டை அதில் வைத்துத் தட்டினால் குழிவு தானாக வரும். புளிய மரம் சட்டென்று பற்றாது, புகையும், ஆனால் தாங்கும். தகட்டை உலையில் வைத்தேன். முதலில் பெயிண்ட் புகைந்தது. அதுதானே என்று விட்டுவிட்டேன். பிறகு வெள்ளையாக, இலவம்பஞ்சு பறக்கிற மாதிரி என்னவோ கிளம்பியது. தகட்டின் மேல் மஞ்சளாகப் படிந்து, ஆறியதும் வெளுத்தது. அப்போதாவது புரிந்திருக்க வேண்டும். பெயிண்டுக்கு அடியில் இருந்தது ஜி.ஐ. தகடு. துத்தநாகப் பூச்சு. "அந்தத் தகரத்தை உலையில காட்டாதே, ஆளைக் கவுத்துடும்" என்று அப்பா நூறு தடவை சொன்னதுதான். இன்னும் ஒரே ஒரு காய்ச்சல் என்று கதவை எதிர்த்தாற்போல நின்று அடித்து முடித்தேன். காற்று என் முகத்தைப் பார்த்து வீசிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் வாயில் காசைப் போட்டுச் சப்புகிற மாதிரி ஓர் இனிப்பு. இரவு ஒன்பது மணிக்கு நடுக்கம் ஆரம்பித்தது. சாதாரண நடுக்கமா அது? பல் கடகடவென்று அடித்துக்கொண்டது, முழங்கால் மூட்டெல்லாம் யாரோ சம்மட்டியால் தட்டிவிட்டுப் போன மாதிரி. வெளியே மின்விசிறிக்கு அடியில் பிள்ளைகள் வேர்த்துக் கிடந்தார்கள். நான் உள்ளே வீட்டிலிருந்த போர்வை, ஜமக்காளம், கடைசியில் அவளுடைய கல்யாணச் சேலையைத் தவிர மீதி எல்லாச் சேலையையும் மேலே போட்டுக்கொண்டு உருண்டேன். அந்த ராத்திரி யாராவது எனக்கு முன்னால் ஒரு கணப்பு மூட்டியிருந்தால் பட்டறையை எழுதிக் கொடுத்திருப்பேன். இந்தப் புகைக் காய்ச்சல் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் தானாக இறங்கிவிடும். எனக்கும் மறுநாள் மத்தியானம் இறங்கியது. இறங்கும் என்று நம்பி யாரும் விளையாட வேண்டாம். பூச்சுத் தகடு என்று சந்தேகம் வந்தாலே உலைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

மறுநாள் கஞ்சி கொண்டுவந்து வைத்தவள், "செய்யிறவருக்கே குளிர் என்னன்னு தெரிஞ்சுபோச்சு. இனிமே சாமான் சரியா வரும்" என்றாள்.

அந்தக் கரண்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, மன்னார்குடியில் கறுப்புத் தகடு வாங்கிவந்து புதிதாகச் செய்தேன். மூலைகளில் தகடு சுருக்கம் விழும். சுருக்கத்தை மடிப்பாக விடாமல் உள்பக்கமாகவே தட்டித் தட்டிக் கரைக்க வேண்டும், புடைவைக் கொசுவத்தை நீவிவிடுகிற மாதிரி. பிடியை இரண்டு ரிவிட் வைத்து இறுக்கினேன். இரண்டு நூல் ரிவிட்டுக்குத் தலை அடிக்க மூன்று நூல் வெளியே விட்டால் சரியாக வரும். ஒன்றே ஒன்று வைத்தால் கரண்டி பிடியில் சுற்றும்.

இடுக்கியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கொறடு செய்யத் தெரியாத கொல்லன் இல்லை. ஆனால் எங்கள் கொறடு கம்பியைப் பிடிக்கிற வாய். கட்டையைப் பிடிக்க அது ஆகாது. சவுக்குக் கட்டை ஒன்றை எடுத்துப் பார்த்தபோது சோப்பு மாதிரி வழுக்கியது. ஒரு பக்கம் இரண்டு விரல், மறு பக்கம் ஒரு விரல் என்று நகம் வைத்து மாற்றினேன், பிடித்தது.

பிடிகளில் "நம்ம ஊர் மாதிரி ஏதாச்சும்" வேண்டும் என்றும் சொல்லியிருந்தான். நாச்சியார்கோயில் விளக்கின் உச்சியில் இருக்கிற அன்னத்தை வைக்கலாமா என்று கேட்டான். வைக்கலாம், ஆனால் அது வார்ப்பு வேலை. பித்தளையை உருக்கி அச்சில் ஊற்றினால் அன்னத்தின் கழுத்து வரை அதுவாக ஓடிப் போய் உட்கார்ந்துகொள்ளும். இரும்பை நான் தள்ளித்தான் கொண்டுபோக வேண்டும், அது வர மாட்டேன் என்றுகொண்டே வரும். போதாததற்கு, உள்ளங்கையில் அன்னத்தின் அலகு குத்தும். பார்க்க அழகாக இருந்து பிடிக்க முடியாத சாமானை நான் செய்வதில்லை என்று சொல்லிவிட்டேன். பிடியில் ஆறங்குலத்துக்கு முறுக்கு, உச்சியில் மாட்டுவதற்கு ஒரு வளையம், அவ்வளவு.

முறுக்குவது பார்க்க ஜாலியான வேலை. சதுரக் கம்பியை ஒரே சீராகக் காய்ச்சி, ஒரு முனையை வைஸில் கடித்து, மறு முனையை ரென்ச்சால் திருகினால் நாலு மூலையும் கயிறு மாதிரி சுற்றிக்கொள்ளும். சீராகக் காயாவிட்டால் சூடு அதிகமான இடம் மட்டும் ஓடிப்போய் முறுக்கிக்கொள்ளும், மற்ற இடம் சோம்பி நிற்கும். அதற்கு ஒரு வழி உண்டு. ஓடுகிற இடத்தில் கெண்டியால் நூலாகத் தண்ணீர் விட்டால் அது குளிர்ந்து நின்றுவிடும், பின்தங்கினது எட்டிப் பிடிக்கும். கெண்டியைப் பிடித்தது என் சின்ன மகள். மூன்று பிடியிலும் முறுக்கு எண்ணி வைத்தது மாதிரி வந்தது. நாலாவதில், துடைப்பத்தின் பிடியில், அவள் வேடிக்கை பார்த்துக்கொண்டு தண்ணீரைத் தப்பான இடத்தில் விட்டுவிட்டாள். அது மட்டும் கொஞ்சம் கோணல். மாற்றவில்லை.

துடைப்பத்துக்குத் தேங்காய் நார் வைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு கங்கு பட்டாலே புகைந்துகொண்டு போனது. பனந்தும்பு, பனை மட்டை நார், வாங்கிக் கட்டினேன். அது விறைப்பு, சாம்பலை நன்றாகத் தள்ளும்.

ஸ்டாண்டுதான் கடைசி. நடுவில் ஒரு தண்டு, மேலே நாலு கொக்கி. முதலில் அடிக்குப் பட்டைக் கம்பியில் நாலு கால் வைத்தேன். ஒரு பக்கம் மட்டும் கரண்டியை மாட்டினால் ஸ்டாண்டே தலைகுப்புற விழுந்தது. அடியில் பாரம் வேண்டும். பட்டறைக்குப் பின்னால் ஒரு மாட்டுவண்டிச் சக்கரத்துப் பட்டை பல வருஷமாகச் சாய்ந்து கிடந்தது.

அதை அப்பா போட்டதை நான் பார்த்திருக்கிறேன். சக்கரத்தைவிட ஒரு நூல், இரண்டு நூல் சின்னதாகத்தான் பட்டையை வளைத்து ஒட்டுவார். தரையில் படுக்க வைத்து, சுற்றிலும் வரட்டியும் வைக்கோலும் அடுக்கிக் கொளுத்துவார். காயக் காய வளையம் அகலும். ஐந்தடி விட்டமுள்ள சக்கரத்துக்கு 400 டிகிரி ஏறினால் சுற்றளவு இரண்டு சென்டிமீட்டருக்கும் மேல் நீளும். நாலு பேர் கொறடு போட்டுத் தூக்கிவந்து சக்கரத்தின் மேல் மாட்டுவார்கள். மரம் பற்றிக்கொண்டு எரியும், அடுத்த நொடி குடம் குடமாகத் தண்ணீர். 'நொறுக்' என்று ஒரு சத்தம் கேட்கும், ஆரக்கால் எல்லாம் ஒன்றோடொன்று இறுகுகிற சத்தம். அதோடு வேலை முடிந்தது. ஆணிகூட வேண்டாம். இந்தச் சத்தத்தைக் கேட்டு இருபத்தைந்து வருஷமாவது இருக்கும்.

அந்தப் பட்டையில் மூன்று துண்டு வெட்டி மூன்று கால் வைத்தேன். நாலு கால் எப்போதும் ஒரு காலுக்குப் பொய் சொல்லும். மூன்று கால் மேடுபள்ளத்திலும் ஆடாமல் நிற்கும். கால்களைத் தண்டோடு சேர்த்த இடத்தில் மட்டும் வெல்டிங் வைத்தேன், ஒளிக்கவில்லை. எல்லாவற்றையும் கம்பி பிரஷ்ஷால் செதில் போகத் தேய்த்து, கை வைக்க முடியாத சூட்டுக்குக் காய்ச்சி, தேன்மெழுகும் ஆளிவிதை எண்ணெயும் கலந்து துணியால் பூசினேன். கறுத்து, பட்டு மாதிரி ஆகிவிட்டது. பெயிண்ட் அடித்தால் தீக்குப் பக்கத்தில் நாறும்.

கூலி 6,500 ரூபாய் என்று பயந்துகொண்டே சொன்னேன். பேரம் பேசாமல் அனுப்பிவிட்டான். அருவாளுக்கு இருபது ரூபாய் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் நிற்கிற பெரியவர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்கள்மேல் கோபம் இல்லை. நெல் விற்கிற விலைக்கு அவர்கள் பேசாமல் யார் பேசுவது?

அதற்குள் குறுவை வேலை வந்துவிட்டது. அப்புறம் சம்பா. கொண்டுபோய்க் கொடுக்க ஜனவரி ஆகிவிட்டது. பாரம் என்று பார்சலில் போடாமல் சாக்கில் சுற்றி நானே எடுத்துப் போனேன். தஞ்சாவூர், திருச்சி, திண்டுக்கல், வத்தலகுண்டு என்று பஸ் மாறிப் போகிற வழியில், கூரான கம்பி ஒன்று சாக்கைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்த்ததைக் கண்ட ஒரு கண்டக்டர், "அண்ணே, இது என்ன வேலா?" என்றார். முருகன் மலைக்குத்தான் போகிறேன் என்று நினைத்துவிட்டார் போல.

கொடைக்கானல் 7,000 அடி உயரம். அன்று ராத்திரி எட்டு டிகிரி என்றான் நண்பன். அவன் மூட்டிய தீக்கு முன்னால் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்கு ஒரே கூச்சம். தீக்கு முன்னால் சும்மா உட்கார்ந்து பழக்கமில்லை, கை எதையாவது தேடிக்கொண்டே இருந்தது. "கிளறுடா, உன் கம்பிதானே" என்றான்.

எழுந்து போய் உலையைக் குத்துகிற மாதிரி ஒரு குத்துக் குத்தினேன். அடுக்கி வைத்திருந்த யூக்கலிப்டஸ் கட்டைகள் சரிந்து கங்கின் மேல் கவிழ்ந்தன. தீ அடங்கியது. புகைபோக்கியில் ஏற வேண்டிய புகை எல்லாம் அறைக்குள் வந்தது. சோபாவில் இருந்த விருந்தாளி ஒருவர் இருமிக்கொண்டே ஜன்னலைத் திறந்தார்.

பங்களாவில் சமையல் பார்க்கிற அம்மா ஒருவர், அறுபது வயசுக்கு மேல் இருக்கும், உள்ளேயிருந்து வந்தார். என் கையிலிருந்து கம்பியை வாங்கினார். குத்தவில்லை. முனையைக் கட்டைக்கு அடியில் விட்டு, கொக்கியால் முன்பக்கத்தை ஒரு சாண் தூக்கி, இன்னொரு கட்டையின் மேல் சாய்த்து வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு அந்த இடுக்கில் 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம். எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம், காற்று தீக்குள் போகிற சத்தம். சுவாலை நிமிர்ந்தது.

"குத்தக் கூடாதுங்க தம்பி. தூக்கி விட்டாப் போதும், அதுவா மூச்சு விட்டுக்கும்" என்றார்.

என் உலையில் கரி கீழே கிடக்கும், காற்றை நான் ஊதுவேன். துருத்தி போய் மோட்டார் வந்தாலும் அதேதான். கம்பிக்கு அங்கே கரியை ஒதுக்குகிற வேலை மட்டும். இங்கே ஊதுவதற்கு ஆள் இல்லை. புகைபோக்கி மேலே இழுக்கிற காற்று உள்ளே நுழைய வழி வேண்டும், அந்த வழியைத் திறப்பதுதான் கம்பியின் வேலை. இந்தத் தீயின் துருத்தியையே நான் செய்து கொண்டுவந்திருக்கிறேன், அது தெரியாமல் அதற்கு ஈட்டி முனை வைத்திருக்கிறேன்.

அவரிடம் கம்பி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "பிடி நல்லா இருக்குங்க. முறுக்கு வழுக்கல. கொக்கிதான் வாய் சின்னதா இருக்கு, தடிச்ச கட்டையைக் கவ்வல. இவ்வளவு இருந்தா..." என்று மூன்று விரலைச் சேர்த்துக் காட்டினார். மெலிந்த விரல்கள். "இந்தக் கூரும் வேண்டாம். கெஸ்ட் புள்ளைங்க எடுத்து விளையாடுதுங்க."

நண்பன் போதும் விடுடா என்றான். மற்றதை வைத்துவிட்டு, கம்பியை மட்டும் சாக்கில் சுற்றித் திரும்ப எடுத்து வந்தேன்.

வந்த அன்றைக்கே உலையை மூட்டினோம். தை அறுப்புக்குக் கருக்கு வெட்ட வந்த அருவாள்கள் திண்ணையில் குவிந்திருந்தன, அவற்றை ஒதுக்கிவிட்டு. முனையைக் காய்ச்சி, நுனியை மழுக்கி, தட்டையாக நாக்கு மாதிரி ஆக்கினேன். பிறகு கொக்கி. "எவ்வளவு விரிக்கணும்?" என்றாள் மனைவி, சம்மட்டியைத் தூக்கிக்கொண்டே. ஸ்கேல் எடுக்கவில்லை. அந்த அம்மா காட்டிய மூன்று விரலை நினைத்து என் விரலை வைத்துப் பார்த்தேன். என்னுடையது தடித்த விரல், அவருடைய மூன்று எனக்கு இரண்டரை. நான் தட்டினேன், அவள் அடித்தாள். தட்டினேன், அடித்தாள். இரண்டரை விரல் நுழைகிற அளவுக்கு வாய் விரிந்ததும் பட்டறைக்கல்லில் சும்மா ஒரு தட்டு தட்டினேன்.

அவள் சம்மட்டியை இறக்கினாள்.